நாற்பது எழுத்து

த்ரியெஸ்தே துறைமுகம், ஏழாவது கிடங்கின் மாடி.
பச்சைக் காப்பிக்கொட்டை மணம் படியேறி வரும் அறைக்கு
மூன்று கம்பெனிக்காரர்கள்
அடுத்தடுத்து மூன்று நாள் வந்தார்கள்.

எங்களிடம் ஐந்து மென்பொருள்கள்.
கிடங்குக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று,
கணக்குக்கு ஒன்று, வறுக்கும் ஆலைக்கு ஒன்று.
ஐந்தாவது எதற்கு என்று ஃபெருச்சோவுக்குத்தான் தெரியும்.
அவர் ஓய்வுபெற்று
இஸ்த்ரியாவில் ஆலிவ் வளர்க்கிறார்.
பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகள்போல
ஒரே கூரைக்கடியில்
ஐந்தும் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தன.

முதலாமவர் படம் காட்டினார்:
நடுவே ஒரு குழாய், சுற்றிலும் பெட்டிகள்,
அம்புக்குறியெல்லாம் நேர்கோடு.
எங்கள் வாழ்வில் எதுவும் அத்தனை நேராய் இருந்ததில்லை.
இரண்டாமவர் மேகம் என்றார், மேகத்தில் எல்லாம் பத்திரம் என்றார்.
ஜன்னலுக்கு வெளியே போரா காற்று
இருந்த மேகத்தையும் கடலுக்குத் துரத்திக்கொண்டிருந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

ல்யூப்லியானாவிலிருந்து வந்த நெவென்கா
படமே கொண்டுவரவில்லை.
"இன்றைக்கு ஒரு செய்தி போய்ச் சேராவிட்டால்
யாருக்கு முதலில் தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் ஒன்தினாவைப் பார்த்தேன்.

பத்தொன்பது வருடமாக, மாலை நாலரைக்கு,
ஒரு திரையில் கிடங்கைப் படித்து
மறு திரையில் கணக்கைத் தட்டுகிறவள்.
ஒரு லாட் இரண்டு தரம் வந்தால் புருவம் ஏறும்.
வராவிட்டால் கை போனுக்குப் போகும்.
நாங்கள் விலை பேச உட்கார்ந்த பொருளுக்குத்தான்
இத்தனை நாளாய்ச் சம்பளமும்
ஆகஸ்டில் மூன்று வார விடுப்பும் கொடுத்துவந்தோம்.

ஏட்டுச் சுரைக்காய் போதும், சமைத்துக் காட்டுங்கள் என்றேன்.
ஹொண்டுராஸ் சரக்கு, முந்நூற்றிருபது மூட்டை,
மூன்று பேருக்கும் அதே லாட்.
பாதி வழியில்
கிடங்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டுக்
காப்பி குடிக்கப் போனேன்.

பதினோரு நிமிடம் கழித்துச் செருகினேன்.

முதலாவது, பதற்றத்தில், அறுநூற்று நாற்பது மூட்டை என்றது.
இரண்டாவது பச்சை விளக்குப் போட்டு
எல்லாம் சேர்ந்தது என்று சத்தியம் செய்தது;
கணக்கில் ஒரு கொட்டைகூட இல்லை.
மூன்றாவது சிவப்பில் ஒரு வரி:
எதிர்ப்பக்கம் பதில் இல்லை, வைத்திருக்கிறேன்.
அப்புறம், நிதானமாக, முந்நூற்றிருபது.

ஆயிற்று என்று எழுந்தோம்.
ஒன்தினா எழவில்லை.
"குறிப்பு எங்கே?"

எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கட்டம் அது.
கீழே லிவியோ எழுதுவான், மேலே இவள் படிப்பாள்,
வேறு யாருக்கும் அதன் இருப்பே தெரியாது.
வந்து சேர்ந்திருந்தது இவ்வளவுதான்:

மேலிருந்து நாலாம் அடுக்கில் சாக்கெல்லாம் நல்ல ஈரம், சரக்கிலும் பூ

"பூவாம்," என்றாள் ஒன்தினா.
"எழுதினவன் பூஞ்சை என்றான்.
வறுக்காதே, என்னைக் கூப்பிடு என்றான்.
உங்கள் தூது பாதி வழியில் பூச்சூடிக்கொண்டு வந்திருக்கிறது."

நெவென்கா மறுப்புச் சொல்லவில்லை.
மடிக்கணினியைத் திறந்து
விரலால் ஒவ்வொரு எழுத்தாக எண்ணினாள்.
இடைவெளியும் சேர்த்து நாற்பது.
"வெட்டுவது நாங்கள் இல்லை. உங்கள் கணக்குதான்.
நாற்பதுக்குமேல் வாங்க மாட்டேன் என்கிறது."

ஃபெருச்சோவுக்குப் போன் போட்டோம்.
பின்னணியில் ஏதோ இயந்திரம், ஒரு நாய்.
"ஆமாம், நான்தான் வைத்தேன்," என்றார்.
"அப்போது வட்டு என்ன விலை விற்றது தெரியுமா?"

நெவென்காவிடமே வாங்கினோம்.
ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில்
குறிப்புக் கட்டம் வெட்டப்படாது என்று ஒரு வரி
ஒன்தினா சொல்லிச் சேர்த்தது.
வக்கீல் இரண்டு முறை அடித்தார்,
இரண்டு முறையும் திரும்ப வந்தது.

பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய முதல் மாலை,
யாரும் எதையும் தட்டாமல்
கிடங்கு கணக்கோடு பேசியது.
நாலரைக்கு அவள் கை சும்மா இருந்தது,
அதை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல்.

மறுநாள் மிலானிலிருந்து
தணிக்கையாளர் கடிதம் எழுதியிருந்தார்:
லாட் எட்டாயிரத்து இரண்டு, குறிப்பு,
"சரக்கு சரி. வெளியே காற்று பலம், ஒன்தினா,
முனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டே போ."
இதை எந்தச் செலவுத் தலைப்பில் சேர்ப்பது?